மரங்கொத்தியிடம் கேட்ட கேள்வி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
12 ஜனவரி 2025

மடு மாதாவின் கையில் உன்னை ஒப்படைத்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன்.

அன்புள்ள தம்பி வின்சன்ற்,

நேற்றுப் பின்னேரம் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் சீமோன், ஷரோன், மரங்கொத்தி. நாலாவது பெயரைப் பார்த்துச் சிரிக்காதே. ஆறு வருடங்களுக்கு முன் பேர்கனில் மூடுகிற ஓர் அலுவலகத்தில் வாங்கி, நீயே பெட்டி கட்டி எனக்கு அனுப்பிய பிரெயில் அச்சு மெஷினுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அது கடதாசியில் புள்ளி குத்துகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுத் தியாகலிங்கம் அண்ணை சுவரில் தட்டுவார். நாங்கள் கேளாதவர்கள் மாதிரி இருந்துவிடுவோம்.

முதலில் உன் சுகம். முழங்கால் நோ குறைந்ததா? மழைக்குள் சைக்கிள் ஓடாதே. சீமோனுக்கு பஸ் ஓட்டி ஓட்டித் தோளில் பிடிப்பு. மற்றபடி இங்கே குறையில்லை. போனில் சொல்லலாம்தான். போனில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். ஈமெயிலில் எழுதினால் இரண்டு தரம் வாசிப்பாய்.

நடந்தது இதுதான். ஷரோன் எங்கள் பங்குக் கோவிலில் பூசைக்கு வேதவாசகம் வாசிக்கிற பிள்ளை. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. நான் ஒவ்வொரு கிழமையும் ஞாயிறு வாசகங்களைப் பிரெயிலில் அச்சடிக்க, அவள் விரல் வைத்துப் பார்த்துப் பிழை சொல்லுவாள். நேற்று மரங்கொத்தி ஒரு பக்கம் குத்தி முடித்தது. அவள் தொட்டாள். தொட்ட விரல் நின்றுவிட்டது.

"அன்ரி, வெயிற், வெயிற். உது தமிழே இல்லை. இடம் வலமாக் கிடக்கு. கண்ணாடியெண்டு எல்லாரும் கதைப்பீங்களே, உதுதானோ அது?"

சீமோன், "என்னப்பா, மரங்கொத்திக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்றார். நான் கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். பக்கத்தில் நின்று செபமும் சொன்னேன். அதே கண்ணாடித் தமிழ்தான். பிறகுதான் கண்டேன்: காலையில் கணினி தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டு, அச்சு டிரைவர் மாற்றப்பட்டது என்று ஒரு வரி காட்டியிருந்தது. "டிரைவர் பிழை எண்டால் என்னைப் பாக்காதை" என்கிறார் உன் அத்தான்.

தம்பி, இதை விளையாட்டாக எடுக்காதே. நான் செய்யும் கோப்பு இந்த வீட்டோடு நிற்பதில்லை. மன்னாரில் கண் தெரியாதோர் இல்லம் நடத்துகிற கிளடிஸ் சிஸ்டருக்குப் போகிறது. மொன்றியலுக்கும் பாரிசுக்கும் இன்னும் சில இடங்களுக்கும் போகிறது. எங்களைப் பார்த்து எல்லோரும் இதே மெஷினைத்தான் தேடிப் பழையதாக வாங்கினார்கள். இந்த முறை பெரிய வாரம் முழுவதற்கும் ஒரு புத்தகம் செய்கிறேன். பெரிய வெள்ளியன்று முதல் வாசகத்தை இங்கே ஷரோன் வாசிப்பாள், அங்கே மன்னாரில் சிஸ்டரின் இல்லத்து அருள்நாயகம் ஐயா வாசிப்பார். ஒருவரையொருவர் கண்டதில்லை, ஆனால் இருவரும் விரல் வைப்பது ஒரே பக்கத்தில்.

ஆறு வருடம் தங்கமாக ஓடியதை எந்த மனிசன் கையை வைத்துக் கெடுத்தான்? நீ அந்த உலகத்து ஆள்தானே, விசாரித்துச் சொல்லு.

உன் அக்கா
எமில்டா

*

பேர்கன், நோர்வே
13 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கண்டவுடனே எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. சைக்கிளை மழை விட்ட பிறகுதான் எடுக்கிறேன்; இங்கே மழை விடுவதில்லை என்பதால் சைக்கிள் பத்திரமாக இருக்கிறது. அத்தானுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

டிரைவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. கணினி சொல்வதை மெஷினுக்கு விளங்கும் விதத்தில் சொல்கிற சின்ன நிரல். உங்கள் கணினியில் நான் போட்டுத் தந்த இயங்குதளம் ஒரு கம்பனியின் சொத்து அல்ல. உலகம் முழுவதும் பலர் சேர்ந்து எழுதித் திருத்துவது. அதில் இந்த மெஷினுக்கான டிரைவர் முதலிலிருந்தே பிழையாக இருந்தது. ஒரு பிரெயில் எழுத்தில் இடப்பக்கம் மூன்று புள்ளி, வலப்பக்கம் மூன்று புள்ளி. டிரைவர் அவற்றை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. அது போன மாதம் திருத்தப்பட்டது.

அப்படியானால் ஒன்று விளங்கவில்லை. பிழையான டிரைவரோடு உங்களுக்கு ஆறு வருடம் எப்படிச் சரியாக வந்தது? நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

அன்புடன்
வின்சன்ற்

*

வெக்ஸ்போர்ட்
19 ஜனவரி 2025

ஆண்டவருக்குத் தோத்திரம், தோத்திரம்!

அன்புள்ள தம்பி,

சுகம் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுகிறேன், சரி வந்துவிட்டது! நீ கேட்ட கேள்வியிலேயே விடை இருந்தது.

ஓம், ஒரு சின்னக் கைவேலை செய்திருந்தேன். மெஷின் வந்த புதிதில் எழுத்துகள் திரும்பித்தான் விழுந்தன. ரப்பர் முத்திரையில் எழுத்தைத் திருப்பி வெட்டினால் கடதாசியில் நேராக விழும் அல்லவா? அதே மாதிரி, கோப்பைச் சேமிக்கும்போதே இடத்தை வலமாக்கி வைக்கிற ஒரு கட்டளையை இன்ரர்நெற்றில் படித்து எழுதிக்கொண்டேன். பிழையான டிரைவர் அதை இன்னொரு தரம் திருப்ப, நேராக வந்தது.

இப்போது டிரைவர் நேர். என் கட்டளையை எடுத்துவிட்டேன். ஷரோன் தொட்டாள். முதல் வரியிலேயே, "அன்ரி! தமிழ் திரும்பி வந்திட்டுது!" என்று கத்தினாள். தியாகலிங்கம் அண்ணை சுவரில் தட்ட, நாங்கள் திருப்பித் தட்டினோம்.

அந்த உற்சாகத்திலேயே இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லா இடங்களுக்கும் நேரான புதுக் கோப்புகளை அனுப்பிவிட்டேன். பிப்ரவரி இரண்டாம் திகதி மெழுகுதிரித் திருநாள் வாசகங்களும் அதில் உண்டு. "இனி எல்லாம் சரியான முறையில்" என்று மேலே எழுதியும் விட்டேன்.

திருத்தியவர் யார் என்று நீ எழுதவில்லையே. கெடுத்தவன் என்று ஏசிவிட்டேன். ஆனாலும் முன்னறிவிப்பு இல்லாமல் செய்தது சரியில்லை. அவருக்குப் புத்தி தெளிய வேண்டுமென்று ஒவ்வொரு பின்னேரமும் செபமாலையில் பத்து மணிகள் உருட்டி ஒப்புக்கொடுக்கிறேன். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லியே வேண்டலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
எமில்டா

*

பேர்கன்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

பிந்தி எழுதுகிறேன். வேலை அதிகம். சுகமாக இருக்கிறேன்.

புதுக் கோப்புகளை மற்ற இடங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னும் புதுப்பிக்காத கணினிகளில் பழைய டிரைவர்தான் இருக்கும். அங்கே உங்கள் நேரான கோப்பு திரும்பித்தான் விழும்.

திருத்தம் ஏன் வந்தது என்றும் சொல்ல வேண்டும். அதே கம்பனி இப்போது புதிய மெஷின் ஒன்று விற்கிறது. இங்கே வடக்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அதை வாங்கினார்கள். புதிதாகப் பிரெயில் படிக்கிற பிள்ளைகள். பழைய டிரைவர் பக்கம் பக்கமாகத் திருப்பிக் குத்த, சில மாதம் அந்தப் பிள்ளைகள் எழுத்துகளை இடம் வலமாகவே படித்திருக்கிறார்கள். ஒரு ஆசிரியை கண்டுபிடித்து எழுதினார். அந்தக் கடிதத்தை வாசித்தவர் அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினார். பழையதற்கு ஒரு முறை, புதியதற்கு ஒரு முறை என்று வைக்க முடியவில்லை. கணினி "நீ யார்" என்று கேட்டால் இரண்டு மெஷினும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வின்சன்ற்

*

வெக்ஸ்போர்ட்
10 பிப்ரவரி 2025

தேவதாயின் காவல் உனக்கும் எனக்கும் வேண்டும், எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

அன்புள்ள தம்பி,

உன் எச்சரிக்கை வருவதற்கு முதலே நடந்துவிட்டது. மெழுகுதிரித் திருநாளன்று மன்னாரில் அருள்நாயகம் ஐயா வாசிக்க எழும்பினாராம். முதல் வரியில் விரலை வைத்தார், நின்றார். திரும்ப வைத்தார். பிறகு கடதாசியை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஞாபகத்தில் இருந்த மட்டும் சொல்லி முடித்தாராம். கிளடிஸ் சிஸ்டரிடம் அவர் சொன்னது: "எமில்டாப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைப்போல. விசாரியுங்கோ சிஸ்டர். இப்பிடி அனுப்பிற ஆள் இல்லை அது."

என்னைக் குறை சொல்லவில்லை தம்பி. என் சுகத்தைத்தான் விசாரித்திருக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பார், அந்த மனிசன் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். பிழையை எடுத்துச் சரியை வைத்தேன், சந்தோசமாக அனுப்பினேன், எங்கேயோ ஒருவருடைய விரல் நின்றது. இனி அவருக்குப் புத்தி தெளியச் செபிப்பதை நிறுத்திவிட்டேன். வெறுமனே அவருக்காகச் செபிக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். இடம் வலமாகப் படித்த எழுத்தை மறந்து திரும்பப் படிப்பது என்ன பாடோ!

ஆனால் ஒரே பெயர் என்று கையை விரிக்கலாமா? எங்கள் பங்கில் மூன்று அந்தோனி இருக்கிறார்கள். பங்குச் சுவாமி மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. கடைக்கார அந்தோனி, விட்பியில் இருக்கிற அந்தோனி, பாட்டுக்கார அந்தோனி என்று கூப்பிடுகிறார்.

அவர் யார் என்று இந்த முறையும் நீ சொல்லவில்லை. முழங்கால்?

எமில்டா அக்கா

*

பேர்கன்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

சுகம். கடிதம் கிடைத்தது. அருள்நாயகம் ஐயாவைப் பற்றிய பகுதியை, இந்த டிரைவர்களை எழுதுகிற எங்கள் குழுவில் எல்லோரும் வாசிக்க மொழிபெயர்த்துப் போட்டேன். அதிலிருந்து அங்கே பெரிய சண்டை.

ஒரு பக்கம், "நேற்று ஓடியது நாளைக்கும் ஓட வேண்டும், பாவிக்கிறவருடைய வேலையை நாங்கள் உடைக்கக் கூடாது, திருத்தத்தைத் திரும்ப எடு" என்கிறார்கள். மற்றப் பக்கம், "பிழையைப் பிழையென்று தெரிந்தும் காப்பாற்றினால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பிழைக்குள் விழுவார்கள்" என்கிறார்கள். ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்று மூன்றாவது கட்சி. ஆனால் யார் அந்தச் சுவிட்சைத் தேடிப் போடுவது? பள்ளிக்கூடத்து ஆசிரியையா, மன்னார்ச் சிஸ்டரா? இரண்டு பேருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவராது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அம்மா மார்ச் நடுப்பகுதி வரை தவணை தந்திருக்கிறார். அதற்குள் நல்ல வழி ஒன்று வராவிட்டால் திருத்தம் திரும்ப எடுக்கப்படும். உங்களுக்கு அது நல்ல செய்திதான்.

வின்சன்ற்

*

வெக்ஸ்போர்ட்
6 மார்ச் 2025

நேற்று நெற்றியில் பூசிய சாம்பலோடு நினைத்துக்கொண்டதை இன்று எழுதுகிறேன்.

அன்புள்ள தம்பி,

எனக்கு அது நல்ல செய்தி என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் நேராகி அந்தப் பிள்ளைகளின் பக்கம் திரும்பவும் இடம் வலமானால், அந்தப் புத்தகத்தைப் பெரிய வெள்ளியன்று எந்த முகத்தோடு பீடத்துக்குக் கொடுத்தனுப்புவேன்?

போன கிழமை எனக்குக் காய்ச்சல். மரங்கொத்தி சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் கதவில் தட்டுச் சத்தம். பார்த்தால் தியாகலிங்கம் அண்ணை, கையில் மல்லித் தண்ணீர்ப் போத்தலோடு.

"என்ன தங்கச்சி, சுகமில்லையோ?"

"உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சத்தம் இல்லை, அதான் விளங்கிச்சுது."

அவர் போன பிறகு படுத்துக்கொண்டு உன் கடிதங்களை எல்லாம் திரும்ப வாசித்தேன். முழங்காலைக் கேட்டால் பதில் வருகிறது. டிரைவர் என்றால் என்ன, பள்ளிக்கூடம் எங்கே, சண்டை என்ன, எல்லாவற்றுக்கும் பதில் வருகிறது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் ஜனவரியிலிருந்து பதில் இல்லை. கேட்கக் கேட்கப் பேசாமல் இருப்பதே ஒரு பதில்தான், தம்பி. பெயரைச் சொல்லாமலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நீதானே?

கோபம் ஒரு துளியும் இல்லை. "அன்றைக்கே உட்கார்ந்து திருத்தினார்" என்று எழுதினாயே, அந்த வரியில் எனக்குப் பெருமைதான் வந்தது. ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுது.

அக்கா

*

பேர்கன்
7 மார்ச் 2025

அக்கா,

ஓம். நான்தான்.

உங்கள் முதல் கடிதம் வாசித்து முடிக்க முதலே எனக்குத் தெரியும். நான் உடைத்த மெஷினை உங்களுக்கு வாங்கி அனுப்பியவனும் நானே. திருத்தம் செய்தபோது, "பழைய மெஷினை இப்போது ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள்" என்று கீழே குறிப்பும் எழுதினேன். ஆறு வருடத்தில் ஒருநாளாவது, "அக்கா, அது ஓடுகிறதா?" என்று உங்களைக் கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். அதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். இதற்குள் நீங்கள் எனக்காகவே செபமாலையும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது மற்றது. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை வாசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன். பேசாமல் இருப்பதே ஒரு பதில்!

இதுவரை நாங்கள் மெஷினிடம் "உன் பெயர் என்ன" என்று மட்டும் கேட்டோம். இரண்டும் ஒரே பெயரைச் சொன்னதோடு விட்டுவிட்டோம். இன்னொரு கேள்வி இருக்கிறது: "நீ எத்தனையாம் பதிப்பு?" புதியது இதற்குப் பதில் சொல்லும், பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். பழைய மெஷின் செய்த காலத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. ஆகவே அது பேசாமல் இருக்க வேண்டும். பதில் வந்தால் சரியான முறை, பதில் வராவிட்டால் முன்போலத் திருப்பி அனுப்புகிற பழைய முறை. ஒருவரும் சுவிட்ச் தேட வேண்டாம்.

ஆனால், "இருக்க வேண்டும்" என்பது என் எண்ணம்தான். சில பழைய மெஷின்கள் விளங்காத கேள்வி கேட்டால் ஏதாவது உளறும். உளறினால் இந்த வழி அடைபட்டுப் போகும். இங்கே என்னிடம் பழையது இல்லை. மரங்கொத்தி உங்களிடம் இருக்கிறது. இத்துடன் ஒரு பரிசோதனை டிரைவர் அனுப்புகிறேன். உங்கள் பழைய திருப்புகிற கட்டளையைத் திரும்பப் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

உங்கள்
வின்சன்ற்

*

வெக்ஸ்போர்ட்
9 மார்ச் 2025

ஆண்டவர் பெரியவர்!

என் தங்கத் தம்பி,

பேஸ்மென்றில் இருந்தவர்கள்: நான், சீமோன், ஷரோன், மரங்கொத்தி, இந்த முறை தியாகலிங்கம் அண்ணையும். சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டது போதும், நேரே பார்க்கிறேன் என்று வந்துவிட்டார்.

ஷரோன் மெஷினின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினேன். திரையில் "பதிப்பைக் கேட்கிறது" என்ற உன் வரி வந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு மெஷின் வாய் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றோம். தியாகலிங்கம் அண்ணை மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் இல்லை அன்ரி. சும்மா இருக்கு. டோட்டலி சும்மா இருக்கு!"

திரையில் அடுத்த வரி: "பதில் இல்லை. பழைய முறை." உடனே டக் டக் டக் என்று தொடங்கியது பார்! என் திருப்பின கோப்பு நேராக வந்து விழுந்தது. ஷரோன் பெரிய வெள்ளி வாசகத்தின் முதல் பத்தியை நிற்காமல் வாசித்தாள். நாங்கள் கை தட்டினோம். உன் அத்தான் சொல்கிறார், "கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் இருந்து கைதட்டு வாங்கினது இந்த வீட்டில மரங்கொத்தி மட்டும்தான். நான் இருந்தால் ஏச்செல்லோ விழுகிறது."

தம்பி, நீ உண்மையைச் சொன்னாய். நானும் சொல்ல வேண்டும். மெஷின் வந்த முதல் நாளே எழுத்து திரும்பி விழுந்தது என்று உனக்கு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அன்றைக்கே நீ திருத்தியிருப்பாய். என் கைவேலையும் வந்திராது, மன்னாரில் ஒருவருடைய விரலும் நின்றிராது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தப்பியிருப்பார்கள். ஏன் எழுதவில்லை? நீ ஆசையாக வாங்கி அனுப்பிய பொருள். வாங்கித் தந்த பொருளில் எப்படிக் குறை சொல்வது? அம்மா எங்களை அப்படித்தானே வளர்த்தா. "தங்கமாக ஓடுகிறது" என்று எழுதினேன். நீயும் அதை நம்பி, பிறகு கேட்கவில்லை.

பிழையைக் காப்பாற்றுகிறோமே என்று உன் மனம் இன்னும் குத்தினால், என் வீட்டுக் கணக்கை நினை. பிழையாகப் பதிந்த வரியை நான் அழிப்பதில்லை. அழித்தால் அதற்குக் கீழே கூட்டி வந்ததெல்லாம் குழம்பிவிடும். பிழை அப்படியே நிற்க, பக்கத்தில் திருத்தத்தைப் பதிவேன். பிறகு வருகிறவர்கள் திருத்தத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஓடிப்போய் உங்கள் குழுவுக்குப் பொறுப்பான அந்த அம்மாவிடம் சொல்லு.

எமில்டா அக்கா

*

பேர்கன்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ஒரு மாதம் எழுதாததற்கு இந்த முறை உண்மையான காரணம் உண்டு. பொறுப்பான அம்மா தவணையை நீட்ட, குழுவில் ஒவ்வொருவராகத் தடை சொன்னார்கள். ஒருவருக்குக் கணினி தொடங்க இரண்டு விநாடி கூடுதலாகப் போகிறதாம். இன்னொருவருக்கு, பேசாதவரைப் பழையவர் என்று எடுப்பது ஒழுங்கான முறை அல்லவாம். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

இன்று பொறுப்பான அம்மா ஏற்றுக்கொண்டார். குறிப்பில் நன்றி என்ற இடத்தில், "எமில்டா, ரொறன்ரோ: பழைய மெஷினில் சோதித்தவர்" என்று எழுதியிருக்கிறேன். "ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள்" என்ற பழைய வரியை அழிக்கவில்லை. பக்கத்தில் திருத்தம் பதிந்திருக்கிறேன்.

சனிக்கிழமை எல்லோருக்கும் போகும். மன்னாரில் கணினி எப்படி?

வின்சன்ற்

*

வெக்ஸ்போர்ட்
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

உயிர்ப்புக்கு ஒரு நாள் முந்தியே சந்தோசம் வந்துவிட்டது, ஆண்டவர் பொறுத்துக்கொள்வாராக.

அன்புள்ள தம்பி,

மன்னாரைக் கேட்டிருந்தாய். உனக்கு முதலில் சொல்லாமல் இருந்தேன், பயப்படுவாய் என்று. இல்லத்துக் கணினி பழுதாகி, பெரிய வாரத் திங்கட்கிழமைதான் ஒருவர் வந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். உன்னுடைய முதல் திருத்தம் மட்டும் இருந்திருந்தால் புத்தகம் முழுவதும் கண்ணாடித் தமிழாகத்தான் விழுந்திருக்கும். திரும்ப அச்சடிக்க அவர்களிடம் கடதாசியும் இல்லை, நாளும் இல்லை. சிஸ்டர் திங்கள் பின்னேரம் மெஷினைப் போட்டா. அதுவும் எங்கள் மரங்கொத்தி மாதிரியே பேசாமல் இருந்ததாம்!

பெரிய வெள்ளி எங்களுக்கு விடிய முதலே அங்கே வழிபாடு நடந்துவிடும் அல்லவா? எழும்பியதும் போனைப் பார்த்தேன். சிஸ்டர் குரல் பதிவு அனுப்பியிருந்தா. அருள்நாயகம் ஐயா முதல் வாசகம் வாசிக்கிறார். ஓரிடத்திலும் விரல் நிற்கவில்லை. கடைசியில், வேறு யாரிடமோ மெதுவாகச் சொல்கிறதும் பதிவில் விழுந்திருக்கிறது: "எமில்டாப் பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது."

கோவிலுக்குப் போகிற வழியில் காரில் அதை ஷரோனுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அன்ரி, அவர் மூன்றாம் வரியில மூச்சு எடுக்கிறார். நானும் அங்கதான் எடுக்கிறனான்" என்றாள். மூன்று மணிக்கு அவள் பீடத்தடியில் நின்று வாசித்தாள். பின்வரிசையில் தியாகலிங்கம் அண்ணை இருந்தார், திருநீறோடு. "என்ர சுவர் தாங்கினதுக்குப் பலன் என்னெண்டு பாக்க வந்தனான்" என்கிறார். சீமோன் அழவில்லை என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இனி, உன்னிடம் ஒரு வேலை. நேற்று முழுவதும் எனக்கு அந்த வடக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம்தான். எங்கள் பக்கத்தைப் பார்த்ததில் அவர்கள் பக்கம் ஏதாவது குழம்பிவிட்டதோ தெரியாது. அந்த ஆசிரியைக்கு எழுதி, பிள்ளைகளின் விரலுக்கு எழுத்து நேராக வருகிறதா என்று கேள். குறை இருந்தால் எனக்கு மறைக்காதே, நானும் இனி உனக்கு மறைக்க மாட்டேன். அடுத்த ஞாயிறுக் கோப்பை அனுப்ப முதல் எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து கெதியாகப் பதில் எழுது.

உன் அக்கா
எமில்டா